டோனாவூரில் ஒரு தாய்வீடு

திருநெல்வேலி என்றதும் நம் வீட்டுப் பெண்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அல்வா. அடுத்தது குற்றாலம். கொஞ்சம் பக்தியும் சேர்ந்தவர்களானால் நெல்லையப்பரையும் காந்திமதி அம்மையையும் சொல்வார்கள். டோனாவூர் என்று யாரும் சொல்வதில்லை. கன்னியாகுமரிக்குச் சூரியோதயம் பார்க்கப் போகும் கூட்டம் நாங்குநேரியையும் வள்ளியூரையும் தாண்டி நேர்சாலையில் பறந்துவிடுகிறது. வலது கைப் பக்கம் நீலமாக ஒரு மலைத்தொடர் கூடவே வருகிறதே, அதன் அடிவாரத்தில் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்க்க யாருக்கு நேரம்?

இந்தத் தடவை நாம் திரும்பிப் பார்ப்போம். நாங்குநேரியில் இறங்கி வானமாமலைப் பெருமாளைச் சேவித்துவிட்டு, மேற்கே களக்காட்டுக்குப் போகும் பஸ்ஸைப் பிடிப்போம். சாலையின் இரு பக்கமும் முதலில் பனையும் உடைமரமுமாக இருக்கும். மலையை நெருங்க நெருங்க நிறம் மாறும். குளங்கள் வரும், வயல் வரும், களக்காட்டுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வாழைத்தோட்டங்கள் வரும். களக்காட்டிலிருந்து தெற்கே திரும்பினால் திருக்குறுங்குடி நம்பி கோயிலும், ஏர்வாடியும், டோனாவூரும் சுற்றுவட்டாரத்தில்தான். ஒரு திவ்விய தேசம், முஸ்லிம்கள் நிறைந்து வாழும் ஓர் ஊர், ஒரு கிறிஸ்தவ கிராமம், மூன்றுக்கும் பொதுவாக மகேந்திரகிரி மலை. ஒரே மலையைப் பார்த்தபடி மூன்று விதமான பிரார்த்தனைகள் நடக்கும் பிரதேசம் அது.

டோனாவூர் என்ற பெயரே விசித்திரமாக இருக்கிறதல்லவா? பாதி தமிழ், பாதி வேறு ஏதோ. அந்த வேறு ஏதோ ஜெர்மன். பாளையங்கோட்டையைத் தலைமையிடமாகக் கொண்டு ஊழியம் செய்த ரேனியஸ் என்ற பாதிரியார், அந்தக் காலத்துப் பிரஷ்யாவிலிருந்த டோனா என்ற பிரபு அனுப்பிய பணத்தைக் கொண்டு இங்கே கோயில் கட்டி ஊர் அமைத்தார். தர்மம் செய்த பிரபுவின் பெயரோடு நம் 'ஊர்' ஒட்டிக்கொண்டது. பிரபுவும் போய்விட்டார், பிரஷ்யாவும் பூகோளப் படத்திலிருந்து போய்விட்டது. திருநெல்வேலிச் சீமையில் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஆனால் இந்தச் சிற்றூரின் பெயர் உலகமெங்கும் பரவியதற்குப் பிரபு காரணமில்லை. ஒரு குழந்தை காரணம். ஏழு வயதுப் பெண் குழந்தை.

1901-ஆம் வருஷம் மார்ச் மாதம். தூத்துக்குடிப் பக்கத்தில், பண்ணைவிளை என்ற ஊரின் மாதாகோயில் ஓரமாக, இருட்டுகிற நேரத்தில் ஒரு சிறுமி தனியாக நின்றுகொண்டிருந்தாள். புத்தகங்களில் அவளுக்குப் பிரீனா என்று பெயர். கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதற்காக ஒரு வீட்டில் விடப்பட்டிருந்தவள். ஏற்கெனவே ஒரு முறை தப்பி, தூத்துக்குடியிலிருந்த தன் தாயாரிடமே ஓடிப்போயிருக்கிறாள். தாயார் என்ன செய்தாள் தெரியுமா? தேடி வந்தவர்களிடம் திருப்பி ஒப்படைத்துவிட்டாள். ஓடிப்போனதற்குத் தண்டனையாகக் குழந்தையின் கைகளில் சூடு போட்டார்கள். "வெளியே போனால் பிள்ளை பிடிக்கிற வெள்ளைக்காரி பிடித்துக்கொண்டு போய்விடுவாள்" என்று பயமுறுத்தியும் வைத்தார்கள்.

குழந்தையின் மனசு இருக்கிறதே, அது பெரியவர்களின் கணக்குக்குள் அடங்குவதில்லை. பெற்றவளே திருப்பி அனுப்பிவிட்டாள். இனி யாரிடம் போவது? பிள்ளை பிடிக்கிறவளிடமே போனால் என்ன என்று நினைத்துவிட்டாள் அந்தச் சிறுமி! மாதாகோயில் ஓரமாக அவளைக் கண்ட ஒரு கிறிஸ்தவப் பெண்மணி அன்றிரவு தன் வீட்டில் படுக்கவைத்து, மறுநாள் காலையில் அந்த வெள்ளைக்கார அம்மாளிடம் அழைத்துப் போனாள். அம்மாள் பல நாள் வெளியூரில் இருந்துவிட்டு, முதல்நாள் மாலைதான் பண்ணைவிளைக்குத் திரும்பியிருந்தார். ஒரு நாள் முன்பின்னாக ஆகியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே இடமில்லை.

அந்த அம்மாளின் பெயர் ஏமி கார்மைக்கேல். 1867-இல் அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்தவர். 1895-இல் இந்தியாவுக்கு வந்தார். அதற்குப் பிறகு 1951 ஜனவரியில் கண்ணை மூடும்வரை ஒரே ஒரு தடவைகூடச் சொந்த ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. ஐம்பத்தைந்து வருஷம்! சிறு பெண்ணாக இருந்தபோது தன் கண்கள் நீலமாக மாற வேண்டும் என்று கடவுளிடம் வேண்டிக்கொண்டு தூங்கினாராம். காலையில் கண்ணாடியைப் பார்த்தால் பழைய பழுப்பு நிறக் கண்களே! அழுகையாக வந்ததாம். பின்னால் சேலையைக் கட்டிக்கொண்டு தமிழ்நாட்டுத் தெருக்களில் நடந்தபோதுதான், பழுப்புக் கண் எவ்வளவு சௌகரியம் என்று அவருக்குப் புரிந்தது.

அவருக்கு அப்போது குழந்தை வளர்க்கும் உத்தேசமே கிடையாது. ஊர் ஊராக மாட்டுவண்டியில் போய்ப் பெண்களிடம் மதப் பிரசாரம் செய்வதே வேலை. பிரீனா வந்து மடியில் ஏறி உட்கார்ந்ததும் அந்தத் திட்டம் நின்றுபோயிற்று. அவள் பொட்டுக்கட்டும் வீட்டில் நடப்பதைத் தன் பொம்மையை வைத்துக்கொண்டு விளையாட்டாகக் காட்டினாளாம். அதைப் பார்த்தபிறகு அந்த அம்மாளுக்குத் தூக்கம் வரவில்லை. இப்படி இன்னும் எத்தனை குழந்தைகள் என்று விசாரிக்கத் தொடங்கினார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தேவதாசி குலத்தில் பிறந்தவர்கள் நமக்குக் கொடுத்த செல்வம் கொஞ்சநஞ்சமல்ல. வீணை தனம்மாளின் சங்கீதமும் பாலசரஸ்வதியின் பரதமும் அந்த மரபில் வந்தவைதாம். டோனாவூருக்குப் பக்கத்துத் திருக்குறுங்குடியிலேயே, கைசிக ஏகாதசி இரவில் பாணர் குலத்து நம்பாடுவானின் கதையை ஆடி நடித்து நம்பியின் சந்நிதியில் பக்தியை வளர்த்தவர்கள் அந்தப் பெண்கள். ஆனால் கலையின் பெயரையும் கடவுளின் பெயரையும் சொல்லி, விவரம் தெரியாத பெண் குழந்தைகளை விலைக்கு வாங்குவதும் விற்பதும் நடந்தது. இதை முதலில் வெறுத்தவர்களும் அந்தக் குலத்துப் பெண்களே. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் மேடை மேடையாக ஏறி முழங்கினார். அந்த வம்சத்துத் தாயாருக்குப் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் போராடினார். 1930-இல் போக்கிடமில்லாத சில பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டியபோது, அவர்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்தார். அதுதான் பின்னால் அடையாற்று அவ்வை இல்லமாயிற்று. கடைசியில் 1947-இல் சென்னை ராஜ்யத்தில் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது.

பண்ணைவிளையில் ஒரு கதவு, சென்னையில் ஒரு கதவு. மதம் வேறு, ஊர் வேறு. ஆனால் தட்டியவர்களும் பெண்கள், திறந்தவர்களும் பெண்கள்.

பிரீனாவுக்குப் பிறகு டோனாவூருக்குக் குழந்தைகள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். 1904-இல் முதல் கைக்குழந்தை வந்தது. தமிழ்ப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்து சேர்த்த சிசு அது. இங்கேதான் சங்கடமும் ஆரம்பித்தது. ஏழு வயதுப் பிள்ளைக்குச் சோறு போட்டு வளர்த்துவிடலாம். பிறந்து சில நாட்களேயான சிசுவுக்கு என்ன செய்வது? தாய்ப்பால் கிடையாது. மற்றவள் பிள்ளைக்குப் பால் கொடுக்க அக்கம்பக்கத்துக் கிராமங்களில் யாரும் இசையவில்லை. நல்ல வைத்தியர் வேண்டுமென்றால் மலைக்கு அந்தப் பக்கம், திருவிதாங்கூரிலிருந்த நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் போக வேண்டும்.

அப்போது கைகொடுத்தவள் பொன்னம்மாள். இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்கார அம்மாளைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் உண்டு. பொன்னம்மாளைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இளம் வயதிலேயே கணவனை இழந்தவள் அவள். ஊர் ஊராகச் சென்ற பெண்கள் கூட்டத்தில் சேர்ந்தபோது மற்றவர்களைப் போலவே நிறைய நகை அணிந்திருந்தாள். திருநெல்வேலியில் அந்தக் காலத்தில் நகை என்பது வெறும் அலங்காரமா என்ன? அதுதானே மானம், மரியாதை எல்லாம்! ஒருநாள் ஒரு சிறுமி அவளைப் பார்த்து, "நான் பெரியவளானதும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்து, இந்த அக்காளைப் போல நகை போட்டுக்கொள்வேன்" என்கிற மாதிரி சொன்னது காதில் விழுந்தது. பொன்னம்மாளுக்குச் சுருக்கென்றது. நாம் சொல்ல வந்தது என்ன, இந்தக் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்தது என்ன என்று நினைத்தாள். காதிலும் கழுத்திலும் இருந்ததையெல்லாம் கழற்றி வைத்துவிட்டாள். ஒரு விதவை, நகையும் இல்லாமல், யார் பெற்ற பிள்ளைகளையோ இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தால் ஊர் என்ன பேசியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நெய்யூரில் குழந்தைகளுக்கென்று ஒரு விடுதி அமைத்து, அதன் பொறுப்பைப் பொன்னம்மாளிடம் கொடுத்தார்கள். பாட்டில்களை எப்படிக் கொதிக்க வைப்பது, பாலை எந்த அளவில் கலப்பது, சுரம் கண்டால் என்ன செய்வது என்றெல்லாம் ஆஸ்பத்திரியில் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டாள். ஆனாலும் சோதனை விடவில்லை. ஒரு தடவை விடுதியில் வயிற்றுக்கடுப்பு நோய் பரவி, பத்துக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோயின. தான் பெறாத பத்துப் பிள்ளைகளை ஒருத்தி மண்ணுக்குக் கொடுத்தாள். அதற்குப் பிறகும் மீதியிருந்த குழந்தைகளுக்குப் பால் காய்ச்ச விடியற்காலையில் எழுந்திருந்தாள் பாருங்கள், அதில்தான் டோனாவூரின் அஸ்திவாரம் இருக்கிறது. 1915-இல் புற்றுநோயால் அவள் இறந்தபோது டோனாவூரில் குழந்தைகள் நூற்றுக்கு மேல் வளர்ந்துகொண்டிருந்தார்கள்.

அநாதை விடுதி என்றால் நமக்கு ஒரு சித்திரம் மனசில் உண்டு. நீளமான ஒரு கொட்டகை, வரிசையாகப் பாய்கள், மணி அடித்தால் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கும் கூட்டம், மேற்பார்வைக்கு ஒரு சூப்பரிண்டெண்ட். டோனாவூரில் ஆரம்பத்திலிருந்தே இந்தச் சித்திரத்துக்கு இடம் கொடுக்கவில்லை. மரங்களுக்கிடையே ஓடு வேய்ந்த சிறு சிறு வீடுகளைக் கட்டினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் சின்னதும் பெரியதுமாகச் சில குழந்தைகள். அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண். பெரிய குழந்தை சின்னதைத் தூக்கிக்கொள்ளும். சின்னது பெரியதோடு சண்டை போடும். குடும்பம் என்றால் அப்படித்தானே?

இதைவிட எனக்குப் பிரமாதமாகத் தோன்றுவது அவர்கள் ஒருவரையொருவர் அழைத்த முறைதான். ஏமி கார்மைக்கேலுக்குப் பெயர் 'அம்மா'. அயல்நாட்டிலிருந்து வந்த பெண்களெல்லாம் 'சித்தி'. ஆண்கள் 'அண்ணாச்சி'. குழந்தைகளை வளர்த்த தமிழ்ப் பெண்கள் 'அக்காள்'. 'மேடம்' இல்லை, 'துரைசானி' இல்லை, 'வார்டன்' இல்லை. கேம்பிரிட்ஜில் படித்துப் பட்டம் வாங்கி வந்தவராக இருந்தாலும் இங்கே வந்துவிட்டால் அண்ணாச்சிதான்! திருநெல்வேலிக்காரர்களுக்கு இந்தச் சொல்லின் இனிப்பு தெரியும். மளிகைக்கடைக்காரரும் அண்ணாச்சி, வழிகேட்ட மனிதரும் அண்ணாச்சி. தெரியாதவரை ஒரே சொல்லில் உறவாக்கிக்கொள்ளும் பாஷை அது.

உறவில்லாத குழந்தைக்குச் சோறும் துணியும் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். பணமிருந்தால் போதும். ஆனால் கூப்பிடுவதற்கு ஓர் ஆள் வேண்டாமா? பயந்து விழித்த ராத்திரியில் எந்தப் பெயரைச் சொல்லி அழும் அந்தக் குழந்தை? நம் வீட்டுக் குழந்தைகளுக்கு அத்தை, மாமா, பெரியப்பா என்று ஒரு டஜன் பெயர்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று. டோனாவூர்க் குழந்தைகளுக்கு ஒன்றுமே இல்லை. ஆகவே அந்தப் பெயர்களையே முதலில் கொடுத்தார்கள்.

பிறந்தநாளுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பல குழந்தைகளுக்குப் பிறந்த தேதி தெரியாது. தெரிந்தாலும் கொண்டாடத் தக்கதாக இருக்காது. அதனால், அந்தக் குழந்தை டோனாவூருக்கு வந்து சேர்ந்த நாளையே 'வந்த நாள்' என்று கொண்டாடினார்கள். பூவும் பரிசுமாக, அன்றைக்கு அந்தக் குழந்தைதான் வீட்டுக்கு ராணி. "நீ பிறந்தது யாருக்கு வேண்டாதிருந்தால் என்ன, நீ வந்தது எங்களுக்குச் சந்தோஷம்" என்று ஒரு குழந்தைக்குச் சொல்ல இதைவிட நல்ல வழி உண்டா?

1918-லிருந்து ஆண் குழந்தைகளையும் எடுத்துக்கொண்டார்கள். நாடகக் கம்பெனிகளுக்கும் மற்ற இடங்களுக்கும் விற்கப்பட்ட சிறுவர்களின் நிலைமையும் பரிதாபமாக இருந்ததே காரணம். 1927-இல் ஐக்கியம் ஒரு சங்கமாக முறைப்படி பதிவாயிற்று. அதே வருஷம் பிரார்த்தனை வீடும் எழுந்தது. ஓட்டுக் கூரையும், மணி ஒலிக்கும் கோபுரமுமாக, பாதி கேரளத்து வீட்டையும் பாதி சீனத்துக் கட்டிடத்தையும் நினைவூட்டும் அழகான மண்டபம். பிறகு 'பரம சுகசாலை' என்ற ஆஸ்பத்திரி வந்தது. மாட்டுவண்டியில் நெய்யூருக்கு ஓடிய நாட்களை மறக்காதவர்கள், சுற்றுவட்டாரத்து ஜனங்களுக்கும் சேர்த்துக் கட்டிய ஆஸ்பத்திரி.

இத்தனைக்கும் பணம்? வேடிக்கை அதில்தான். யாரிடமும் கேட்பதில்லை என்பது அவர்கள் கொள்கை. வசூல் நோட்டீஸ் கிடையாது, நன்கொடைப் புத்தகம் கிடையாது. வேண்டியதைக் கடவுளிடம் சொல்லிவிட்டுக் காத்திருப்பார்கள். வேலை செய்பவர்களுக்குச் சம்பளமும் கிடையாது. நம் இல்லத்தரசிகளுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல!

கொஞ்சம் தலையை உயர்த்தி மேற்கே பாருங்கள். அந்த மலையிலும் டோனாவூருக்குச் சொந்தமாக ஒரு துண்டு உண்டு. நரைக்காடு என்று பெயர். 1917-இல் வாங்கியது. கோடை வெயில் தாங்காமல் குழந்தைகள் வாடியபோது, அவர்களை அழைத்துக்கொண்டு மலையேறிப் போவதற்கென்று வாங்கினார்கள். பாறைகளுக்கிடையே ஓடும் ஆற்றில் குழந்தைகள் நீந்தக் கற்றுக்கொண்டார்கள். இன்றைக்கு அந்த மலைப் பிரதேசம் களக்காடு–முண்டந்துறைப் புலிகள் சரணாலயத்தைச் சேர்ந்தது. மலை வாசஸ்தலம் என்பது துரைமார்களுக்கும் தனவந்தர்களுக்கும் மட்டும் என்றிருந்த காலத்தில், வேண்டாமென்று விடப்பட்ட குழந்தைகளுக்கு ஒரு மலை வாசஸ்தலம்!

எல்லாம் இனிப்பாகவே சொல்லிக்கொண்டு போகிறேனே என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். ஒரு கேள்வி உங்கள் மனசில் எழுந்திருக்கும். இந்து வீட்டில் பிறந்த குழந்தையை எடுத்துக் கிறிஸ்தவப் பிள்ளையாக வளர்த்தார்களே, அது சரியா?

இதை மூடி மறைத்துவிட்டு டோனாவூரைப் பற்றி எழுதுவது நாணயமாகாது. அந்தக் காலத்திலேயே பலமான எதிர்ப்பு இருந்தது. வழக்குகள் நடந்தன. ஒரு வழக்கில், 1911-இல், பெண்ணைக் குடும்பத்தாரிடம் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஒப்படைக்கும் நாள் வருவதற்குள் அந்தப் பெண்ணைக் காணோம்! கடல் கடந்து சீனா வரைக்கும் அவளைக் கொண்டுபோய் மறைத்து வைத்துவிட்டார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. கடத்தல் குற்றத்துக்கு ஏழு வருஷம் வரை சிறை உண்டு. ஏமி அம்மையார் அதற்கும் தயாராகத்தான் இருந்தார். அவர் செய்தது தர்மமா, சட்டத்தை மீறிய குற்றமா? இரண்டு பக்கத்துக்கும் நியாயம் சொல்லலாம். 1903-இல் அவர் எழுதி வெளிவந்த ஒரு புத்தகத்தை, இருட்டையே காட்டுகிறது என்று சொல்லி மிஷனரிகளிலேயே சிலர் வெறுத்தார்கள். நம் நாட்டுக் கோயில்களையும் பழக்கங்களையும் அவர் பார்த்த பார்வையில் கடுமை இருந்தது என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அது நமக்கு. அந்தக் குழந்தை கைச்சூட்டோடு ஓடி வந்தபோது, வழியில் எத்தனை வீடுகள் இருந்திருக்கும்? எத்தனை திண்ணைகள்? அதில் ஒரு வீட்டுக் கதவு திறந்திருந்தால், பிள்ளை பிடிக்கிறவளைத் தேடி அவள் போயிருக்க வேண்டியதே இல்லை. யார் எடுத்துக்கொண்டார்கள் என்று கோபப்படுவதற்கு முன்னால், யார் விட்டுவிட்டார்கள் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டாமா?

காலம் மாறிவிட்டது. பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தில் ஒழிந்தது. ஆனால் வேண்டாத குழந்தைகள் ஒழிந்தார்களா? பெண் பிறந்தால் கள்ளிப்பாலைத் தேடிய கொடுமையைத் தடுக்க, 1992-இல் தமிழ்நாட்டு அரசாங்கமே சேலத்தில் தொட்டில் வைத்துக் காத்திருக்க வேண்டி வந்தது. டோனாவூரில் கேட்ட அதே அழுகைதான். தொட்டில்தான் வேறு.

குழந்தைகள் விடுதி நடத்துவதற்கு இன்று யாரும் தம் இஷ்டப்படி கிளம்பிவிட முடியாது. 2015-ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டத்தின்படி எந்த மதத்தினர் நடத்தும் இல்லமானாலும் பதிவு செய்ய வேண்டும். குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு இல்லாமல் ஒரு குழந்தையையும் வைத்துக்கொள்ளக் கூடாது. நல்ல எண்ணம் இருந்தால் மட்டும் போதாது, கணக்கும் காவலும் வேண்டும் என்கிறது சட்டம். அது சரிதான். அடைத்த கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று யாரும் பார்க்காத இல்லங்களில் குழந்தைகள் பட்ட பாட்டை நாம் பத்திரிகைகளில் படித்திருக்கிறோமே! முடிந்தவரை குழந்தையைக் குடும்பத்தில் வளர்க்க வேண்டும், இல்லம் என்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பதுதான் இன்றைய நிபுணர்களின் அபிப்பிராயம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, 1949-இல் ஆஸ்திரியாவில் ஹெர்மன் க்மைனர் என்பவர், வீட்டுக்கு ஒரு தாய் என்ற முறையில் குழந்தைகள் கிராமம் ஒன்றைத் தொடங்கினார். உலகமே அதைப் புது வழி என்று கொண்டாடியது. ஆனால் நம் பொன்னம்மாளும் அக்காள்மாரும் மகேந்திரகிரியின் அடியில் சத்தமில்லாமல் அதைப் பல வருஷங்களுக்கு முன்பே செய்து பார்த்துவிட்டார்கள்.

சட்டத்துக்குச் சுலபமாகப் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. பதினெட்டு வயதானதும் இல்லத்திலிருந்து வெளியேற வேண்டும். இருபத்தொன்று வரை பின்காப்பு உதவி பெறலாம் என்கிறது சட்டம். அதற்கப்புறம்? நம் பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகு, "இனிமேல் உனக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை" என்றா சொல்கிறோம்? தலைப்பிரசவத்துக்கு எங்கே வருவாள்? ஆடி மாதம் எங்கே வருவாள்? கணவனோடு மனஸ்தாபம் வந்து ஒரு வாரம் கோபித்துக்கொண்டு வர வேண்டுமானால் எங்கே வருவாள்? பெண்ணுக்குத் தாய்வீடு என்பது வளர்ந்த இடம் மட்டுமல்ல. எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரக்கூடிய இடம். டோனாவூரில் வளர்ந்த பெண்களில் பலர் நர்ஸானார்கள், ஆசிரியையானார்கள், கல்யாணம் செய்துகொண்டு குடித்தனம் போனார்கள். பலர் எங்கும் போகாமல் அங்கேயே தங்கி, அடுத்து வந்த குழந்தைகளுக்கு அக்காளாக ஆனார்கள். அவர்களையெல்லாம் சேர்த்துப் பிடித்தது அந்தத் தாய்வீட்டு உணர்ச்சிதான்.

ஏமி அம்மையாரின் கடைசிக் காலம் கஷ்டமானது. 1931 அக்டோபரில், இதோ நாம் பஸ் மாறிய களக்காட்டில், ஒரு வீட்டைப் பார்வையிடப் போன இடத்தில் இருட்டில் குழியில் விழுந்து கால் முறிந்தது. அதிலிருந்து இருபது வருஷம் பெரும்பாலும் படுக்கையிலேயே கழிந்தது. படுத்தபடியே புத்தகங்கள் எழுதினார். குழந்தைகள் அறைக்குள் வந்து கட்டிலைச் சுற்றி நின்று கதை பேசுவார்கள். தமக்குப் பிறகு தம் சமாதியின் மேல் கல்லோ கல்வெட்டோ வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? தாயார் சொல்லைத் தட்டவும் மனமில்லை. சும்மா விடவும் மனமில்லை. பறவைகள் வந்து தண்ணீர் குடிக்கக் கல்லிலே ஒரு தொட்டி செய்து அங்கே வைத்தார்கள். அதில் அவர் பெயரைப் பொறிக்கவில்லை. பிறந்த ஊர், இறந்த தேதி, பட்டம் பதவி ஒன்றும் இல்லை. தாயைக் குறிக்கும் ஒரே ஒரு சொல்தான். மரநிழலில், குருவிகள் வந்து போகும் அந்த இடத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கடவுளின் தோட்டம்'. நெய்யூரில் மாண்ட குழந்தைகளையும் பொன்னம்மாளையும் அங்கே நின்று நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியாது.

அயல்நாட்டுச் சித்திகளும் அண்ணாச்சிகளும் ஒவ்வொருவராக விடைபெற்றுவிட்டார்கள். இன்று டோனாவூர் ஐக்கியத்தை நடத்துபவர்கள் நம் நாட்டவர்களே.

சகோதரிகளே, டோனாவூருக்குப் போய்த்தான் புண்ணியம் தேட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது வேடிக்கை பார்க்கும் ஸ்தலமும் அல்ல. குழந்தைகள் வாழ்கிற வீடு. போவதானால் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு, ஒரு வீட்டுக்குப் போகிற மரியாதையோடு போக வேண்டும். குழந்தைகளை வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுப்பதும், "உன் அப்பா அம்மா எங்கே?" என்று கேட்பதும் வேண்டவே வேண்டாம்.

உங்கள் ஊரிலும் பக்கத்தில் எங்காவது ஓர் இல்லம் இருக்கும். இந்துக்கள் நடத்துவதோ, கிறிஸ்தவர்கள் நடத்துவதோ, முஸ்லிம்களின் யதீம்கானாவோ, எதுவாக இருந்தாலும் சரி. தீபாவளிக்கு இனிப்புப் பெட்டியோடு ஒரு நாள் போய்விட்டு வருவதோடு நிற்க வேண்டாம். பதினெட்டு வயது முடிந்து வெளியே வரும் பெண் ஒருத்திக்கு என்ன தேவை என்று அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள். அவளுக்கு ஒரு வேலை தேடிக் கொடுக்கலாம். தங்குவதற்கு நல்ல இடம் பார்த்துக் கொடுக்கலாம். வழிதவறி நிற்கும் குழந்தை கண்ணில் பட்டால், நமக்கென்ன என்று போகாமல், 1098 என்ற எண்ணைக் கூப்பிடலாம். இவற்றுக்கெல்லாம் பெரிய பணம் வேண்டாம்.

பொங்கலன்று ஒரு பிடி சர்க்கரைப்பொங்கலை எடுத்து வைத்து, "நம் வீட்டுக்கு வாம்மா" என்று அப்படி ஒரு பெண்ணை அழைத்துப் பாருங்கள். அவள் உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தயங்குவாள். சித்தி என்று கூப்பிடச் சொல்லுங்கள்.